பிளாஸ்டிக் எலப் பாவாட

“நான் போட மாட்டேன். போட்டா மனுசன துன்னணும்.”

“யார்றா சொன்னா ஒனக்கு?”

“டிவில பாத்தேன். இந்த டிரஸ் போட்டவனுங்கதான் ஒரு ஆளக் கம்புல கட்டி, கீழ நெருப்பு வெச்சி, சுத்தி சுத்தி ஆடுனானுங்க. அப்பறம் துன்னுட்டானுங்க.”

“அது பொம்மப் படம்டா.”

“பொம்மையா இருந்தாலும் துன்னானுங்க இல்ல?”

அஞ்சு வயசு சின்னதுரைக்கு இவ்ளோ ஞாயம் எங்கேர்ந்து வருதுன்னு புள்ளையவே பாத்துக்கினு நின்னா அவன் அம்மா ரங்கம்மா. கையில அந்தப் பாவாட.

பாவாடன்னா துணிப் பாவாட இல்லீங்க. பச்சக் கலர் பிளாஸ்டிக் எலைங்கள எலாஸ்டிக்ல கோத்து வெச்சது. கூடவே தலைக்கு ஒரு பட்டி, அதுல செவப்பும் மஞ்சளுமா றெக்கைங்க. கழுத்துக்கு எலும்பு மால, அதுவும் பிளாஸ்டிக்தான். மாலைக்கு நடுவுல கட்டவெரல் சைசுக்கு ஒரு மண்ட ஓடு வேற பல்லக் காட்டிக்கினு தொங்குது. கள்ளக்குறிச்சில ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு டிரஸ் வாடகைக்கு வுடுற கடையில எடுத்தது. கவர் மேல ‘காட்டுவாசி செட், 4 - 6 வயசு’ன்னு எழுதி ஒட்டியிருந்துச்சி.

எடுத்தாந்தவன் ரங்கம்மாளோட தம்பி தங்கதுரை. கரியாலூர்ல அருவிக்குப் போற ரோட்ல டீக்கட வெச்சிருக்கான். நேத்து சாயங்காலமே மலையெறங்கி வந்து, இத வாங்கிக்கினு, இங்க நைனார்பாளையத்துல அக்கா வூட்லயே படுத்துக்கினான்.

“கடக்காரன் ‘எந்த ஸ்கூலு, ஆப்பிரிக்கா டான்சா?’ன்னு கேட்டான்க்கா. ஆமாம்னு சொல்லிட்டேன்” அப்டின்னு பெருமையா வேற சொன்னான்.

எதுக்கு இந்தக் கூத்துன்றீங்களா? எல்லாம் பெரியவ பூமாலைக்காகத்தான். பிளஸ் டூல நல்ல மார்க்கு எடுத்துட்டு கவர்மெண்ட் நர்சிங் காலேஜுக்கு எழுதிப் போட்டிருக்கா இல்ல, அதுக்கு சாதிச் சான்று கேக்கறாங்க. வர்ற வெள்ளிக்கெழம கடைசி நாளு. இன்னிக்கு புதன்.

இவங்க மலையாளி. கேரளாக்காரங்க இல்ல, கல்வராயன் மலை ஜனங்களுக்கே அதான் பேரு. எஸ்.டி. லிஸ்ட்ல இருக்கற சாதி. மலை மேலயே இருந்திருந்தா ஒரு கையெழுத்துல முடிஞ்சிருக்கும். ஆனா ரங்கம்மாளும் புருசன் வேடியப்பனும் பொழப்பு தேடி எறங்கி வந்து பன்னெண்டு வருசம் ஆவுது. ரங்கம்மா சின்னசேலம் ரோட்ல ஜவ்வரிசி பண்ற சேகோ ஆலையில மரவள்ளிக் கெழங்கு உரிக்கறா. வேடியப்பன் இப்ப கர்நாடகாவுல காப்பித் தோட்டத்துல மொளகு பறிச்சிக்கினு இருக்கான். அவன் பள்ளிக்கூடமே போவாதவன், அவனுக்கு எதுக்கு சான்று? வாங்கவேயில்ல. தங்கதுரை கிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா மாமன் சான்று செல்லாதாம். அப்பன் வழிதான் வேணுமாம்.

ரெண்டு வாட்டி மனு குடுத்து ரெண்டு வாட்டியும் திரும்பி வந்துடுச்சி. போன வாரம்தான் மேலாபீசுலேர்ந்து கடுதாசி வந்துச்சி. ‘நேரில் விசாரித்து, பழங்குடியினர்தானா என்று உறுதி செய்த பின்’ அப்டின்னு. இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஆபீசர் வர்றாரு.

காலைல வேடியப்பன் போன் பண்ணான்.

“ஆபீசரு இன்னா கேட்டாலும் உள்ளத சொல்லு ரங்கம்.”

“உள்ளத சொல்லித்தான் ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பிட்டாங்க.”

“சரி, தங்கதுரை சொல்ற மாதிரி செய்யி”ன்னுட்டு வெச்சிட்டான். அங்க சிக்னலு கெடைக்காதாம். எது கஷ்டமான பேச்சோ அப்ப மட்டும் அந்தக் காப்பித் தோட்டத்துல சிக்னலு கெடைக்காது, ரங்கம்மாளுக்குத் தெரியும்.

“நம்ம அப்பா எலை கட்டிக்கினாடா இருந்தாரு?” அப்டின்னு ராத்திரியே தம்பிய கேட்டுப் பாத்தா.

“அப்பா வேட்டிதான் கட்னாரு. அம்மா சேலதான் கட்னாங்க. ஆபீசருக்கு அது தெரியுமா?”

“தெரியாதா?”

“அக்கா, நான் சொல்றத கேளு. மலைக்கு டூர் வர்றவங்க எங்கிட்ட டீ குடிச்சிக்கினே இன்னா கேக்கறாங்க தெரியுமா? ‘இங்க மலைவாசிங்க எங்க இருப்பாங்க?’ன்னு. நான்தான்யா மலைவாசின்னு சொன்னா, நம்பாம என் பேண்ட்ட பாக்கறாங்க. ஒரு பொம்பள ‘விளையாடாதீங்கண்ணா’ன்னு சொல்லிச்சி. ஜனங்களுக்குக் கண்ணு நெறைய பாக்கணும்க்கா. அந்தாண்ட ஊர்ல ஒருத்தன் எலி புடிக்கிற கண்ணியும் வில்லும் எடுத்துக் காட்னானாம். அன்னிக்கே கையெழுத்தாம்.”

“நீ பாத்தியா?”

“பாத்தவன் சொன்னான்.”

பாத்தவன் யாருன்னு கேட்டா சொல்ல மாட்டான். அதெல்லாம் கேக்க ரங்கம்மாளுக்கும் தெம்பு இல்ல. பூமாலைக்குத் தெரியாம கவர எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால வெச்சா. தெரிஞ்சா அவ வூட்ட ரெண்டாக்கிடுவா. அதனாலதான் காலைலயே “ஜெராக்ஸ் எடுத்தா, எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு காப்பி”ன்னு அவள கடத்தெருவுக்கு வெரட்டி வுட்டாச்சி.

தங்கதுரை வெடிஞ்சதுலேர்ந்து வூட்ட மலையாக்கிக்கினு இருந்தான். மிக்சிய தூக்கி கட்டில் கீழ தள்ளுனான். காலண்டர கழட்டுனான். டிவிய ரெண்டு பேரா தூக்கிக்கினு போய் பக்கத்து வூட்ல வெச்சாங்க. பக்கத்து வூட்டு உபகாரமேரி அங்கன்வாடில வேல பாக்கறவ, கதவ தொறந்தவ வாயில கைய வெச்சிக்கினா.

“இன்னாடி ரங்கம், வூடு காலி பண்றியா?”

“இல்லக்கா. ஆபீசர் வர்றாரு.”

“ஓஹோ. டிவிக்கும் சர்டிபிகேட் கேக்கறாங்களா?”

தங்கதுரை சிரிச்சான். ரங்கம்மாளுக்குச் சிரிப்பு வரல. மாசா மாசம் ஆலைக் கூலியில புடிச்சி புடிச்சி வாங்குன டிவி. அது இருந்தா மலைவாசி இல்லையாம்.

இப்ப மிச்சம் இருக்கறது சின்னதுரை மட்டுந்தான். அவன் இன்னிக்கு ஸ்கூலுக்குப் போவல. ஆனா எழுந்ததும் யூனிபார்ம எடுத்து மாட்டிக்கினான். நீலக் கட்டம் போட்ட சட்ட, எலாஸ்டிக் வெச்ச டை, கருப்பு ஷூ. அவன் எப்பவும் அப்டித்தான், ஞாயித்துக்கெழமகூட டையோடதான் சுத்துவான். இலவச சீட்டுல குலுக்கல்ல பேரு வந்து, அந்த இங்கிலீஷ் மீடியத்துல சேந்தவன். டைய யாராவது தொட்டா கத்துவான்.

“மொதல்ல அந்த டைய கழட்டுக்கா. ஆபீசரு அத பாத்தாரு, முடிஞ்சிச்சி.”

“சின்னதுரை, சாமி இல்ல? ஒரே ஒரு அஞ்சு நிமிசம். ஆபீசரு வந்து பாத்துட்டு போயிடுவாரு. அப்பறம் கழட்டிடலாம்.”

“மாமா போட்டுக்கட்டும்.”

“எனக்குப் பத்தாதுடா.”

“பெருசு வாங்கிக்க.”

“எனக்கு எதுக்குடா? எங்கிட்ட சர்டிபிகேட் இருக்கு.”

“சர்டிபிகேட் இருந்தா துன்ன வேணாமா?”

தங்கதுரை தலையில அடிச்சிக்கினான். பிஸ்கட்டு காட்டிப் பாத்தான். ஆரஞ்சு கூல்டிரிங்க்ஸ் காட்டிப் பாத்தான். சின்னதுரை பிஸ்கட்டையும் வாங்கிக்கினான், கூல்டிரிங்க்ஸையும் குடிச்சான், வாயத் தொடச்சிக்கினு “மாட்டேன்”ன்னு சொல்லிட்டான்.

அப்பறம் தங்கதுரை அடுப்பாண்ட போயி ஒரு கரித் துண்ட எடுத்தாந்தான்.

“இது எதுக்கு?”

“மூஞ்சில கோடு போடத்தான். கன்னத்துல மூணு, நெத்தில ரெண்டு.”

“இருக்கற கருப்பு பத்தலையாடா என் புள்ளைக்கு?” ரங்கம்மா அந்தக் கரிய புடுங்கி வெளிய எறிஞ்சா. எறிஞ்ச வேகத்துல அவளுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. தம்பி மேலயா கோவம், யாரு மேல கோவம்னு புரியல.

அந்த நேரம் பாத்து தலையாரி போன் பண்ணாரு. “ரங்கம்மா, ஆபீசரு சின்னசேலம் தாண்டிட்டாரு. கா மணி நேரத்துல உங்க தெருவுல இருப்பாரு.”

கா மணி நேரம்!

சின்னதுரைக்கு எப்டித்தான் புரிஞ்சிச்சோ, கட்டிலுக்குக் கீழ பூந்துட்டான். மிக்சிய கட்டிப் புடிச்சிக்கினு மூலையில ஒட்டிக்கினான். தங்கதுரை குனிஞ்சி கைய வுட்டு இழுத்தான். இழுத்த கைய படக்குனு கடிச்சான் பாருங்க!

“ஐயோ! பாருக்கா, இப்பவே துன்றான்!”

ரங்கம்மா சிரிக்கல. அவளுக்கு வெள்ளிக்கெழம மட்டுந்தான் கண்ணுல தெரிஞ்சிச்சி. பூமாலைக்குப் பதினேழு வயசு. இந்த சீட்டு போச்சின்னா அடுத்த வாரம் ஆலையில பக்கத்துல ஒக்காந்து கெழங்கு உரிக்கப் போறா. வெரலு இடுக்கெல்லாம் வெள்ளையா ஊறிப் போயி, கத்தி பட்ட காயம் ஆறாமலே இருக்கும். ரங்கம்மா தன் கையையே பாத்தா. அதே கையால புள்ளையோட கால புடிச்சி சரசரன்னு வெளிய இழுத்தா. அவன் ஒதைச்சான். கையில கெடச்சதெல்லாம் எறிஞ்சான்.

பளார்னு ஒரு அற.

அஞ்சு வருசத்துல அதான் மொத அடி.

சின்னதுரை அழல. அதான் பெரிய கொடும. ஆச்சரியமா அம்மா மூஞ்சிய பாத்தான். ஒதைக்கிறத நிறுத்திட்டான். அவ சட்டைய கழட்னா, கழட்ட வுட்டான். டைய உருவுனா, உருவ வுட்டான். எலப் பாவாடைய இடுப்புல ஏத்துனா, ஒவ்வொரு காலா தூக்கிக் குடுத்தான். வேற யாரோ புள்ளைங்களோட வேர்வ நாத்தம் வந்துச்சி அதுலேர்ந்து. எலாஸ்டிக் டைட்டு, வயித்துல உடனே செவப்பா கோடு வுழுந்துச்சி. தங்கதுரை றெக்கைய தலையில மாட்டுனான், எலும்பு மாலைய கழுத்துல போட்டான், ரெண்டடி பின்னால போய் நின்னு பாத்தான்.

“சூப்பர்க்கா!”

சின்னதுரை குனிஞ்சி நெஞ்சு மேல தொங்குன மண்ட ஓட்ட தொட்டுப் பாத்தான். கன்னத்துல அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு.

“மா.”

“இன்னாடா?”

“நாம மனுசன துன்னுவமா?”

அந்த ‘நாம’ இருக்கு பாருங்க. இவ்ளோ நேரம் ‘அவனுங்க’ன்னு சொல்லிக்கினு இருந்தான். ஒரு அறையில ‘நாம’ ஆயிட்டோம்.

“இல்லடா சாமி. சாமைச் சோறு துன்னுவோம். கேவுரு துன்னுவோம். வேற எதுவும் துன்ன மாட்டோம்டா.”

அப்டியே ஒக்காந்து, றெக்க, மால, பாவாட எல்லாத்தையும் புடுங்கி எடுத்தா. வாசலாண்ட வந்து வேலி மேல வீசுனா. உள்ள வந்து யூனிபார்ம திரும்ப மாட்டி வுட்டா. டை போட்டா. ஷூ லேஸ் கட்னா.

“அக்கா, இன்னாக்கா பண்ற? வந்துடுவாருக்கா!”

“வரட்டும். நான் பேசிக்கறேன். எங்க ஊரு, எங்க சாமி, எங்க கல்யாணம் காட்சி எல்லாம் எனக்குத் தெரியும். வாய் இருக்கு, சொல்றேன்.”

சரியா அந்த நேரம் பூமாலை ஜெராக்ஸ் கட்டோட வந்து நின்னா. வேலி மேல கெடந்தத பாத்துட்டுதான் வந்திருக்கா. தம்பி கன்னத்த பாத்தா. மாமன பாத்தா. டிவி இருந்த எடம் காலியா கெடக்கறத பாத்தா. அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதா இல்ல.

“யாரு அடிச்சது?”

“நான்தான்.”

“எனக்காகவா?”

“ஒனக்காகத்தான்டி!”

“அப்ப அத எனக்கு மாட்டி வுடு. நர்ஸ் ஆவப் போறது நான்தான? அவன எதுக்கு நிக்க வெக்கிற? எடு, நான் மாட்டிக்கினு தெருவுல நிக்கறேன். எல்லாரும் வந்து பாக்கட்டும்.”

“வாய மூடு பூமாலை. தெருவே கேக்குது.”

“டிவிய தூக்கிக்கினு போவ சொல்ல கேக்கலையா தெருவுக்கு?”

ரங்கம்மா பதில் சொல்ல வாயத் தொறக்கறா, வெளிய ஜீப்பு வந்து நிக்குது.

ஆபீசரு வில்லன் மாதிரியெல்லாம் இல்லீங்க. அம்பது வயசு இருக்கும். கண்ணாடி, கக்கத்துல பைலு, முதுகு பூரா வேர்வ. கொஞ்சம் தண்ணி குடுங்கம்மான்னு கேட்டு வாங்கி குடிச்சாரு. பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்து, ரங்கம்மாளையும் ஒக்காரச் சொன்னாரு. அவ ஒக்காரல.

“சொல்லுங்க. எந்த ஊரு? யாரு சனம்?”

ரங்கம்மா ஆரம்பிச்சா. மொதல்ல கொஞ்சம் தடுமாறுனா, அப்பறம் புடிச்சிக்கினா. கரியாலூர தாண்டி அஞ்சு மைலு, தன் ஊரு பேரு, புருசன் ஊரு பேரு. கரியராமரு கோயிலு. ஊர்ல பஞ்சாயத்துன்னா ஊர்க்கவுண்டன் சொல்றதுதான் தீர்ப்பு. கல்யாணத்துல மாப்பிள்ள வூடுதான் பொண்ணு வூட்டுக்குப் பரிசம் போடணும், தனக்கு எத்தன வள்ளம் சாமை அளந்தாங்க, அத தூக்கிக்கினு யாரு யாரு மலையேறி வந்தாங்க. மொத மழைக்கு எந்தக் காட்ட உழுவாங்க. செத்தவங்கள எந்தப் பக்கம் தல வெச்சி பொதைப்பாங்க.

சொல்லச் சொல்ல அவ கொரலே மாறிடுச்சி. பன்னெண்டு வருசமா இந்த ஊர்ல யாரும் கேக்கல, அவளும் யாருக்கும் சொல்லல. பூமாலையே வாயத் தொறந்துக்கினு பாத்தா. அம்மா இவ்ளோ பேசுவாளான்னு.

ஆபீசரு ரெண்டே ரெண்டு வரி எழுதுனாரு.

“நல்லா சொல்றீங்கம்மா. நான் தப்பு சொல்லல. ஆனா இதெல்லாம் யார் வேணாலும் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்துடறாங்க. போன வாரம் ஒருத்தன் இதவிட நல்லா சொன்னான். விசாரிச்சா அவன் அந்த சனமே இல்ல.”

“நான் மனப்பாடம் பண்ணலீங்க சார். பொறந்தேன்.”

“புரியுதும்மா. நான் நம்பறேன்னே வெச்சிக்கங்க. பைலு மேல போவும். அங்க இருக்கறவங்க உங்க மூஞ்சியா பாக்கப் போறாங்க? பேப்பரத்தான் பாப்பாங்க.” சின்னதுரை பக்கம் திரும்புனாரு. “தம்பி, எந்த ஸ்கூலு? இங்கிலீஷ் மீடியமா?”

சின்னதுரை டைய புடிச்சிக்கினு தலையாட்டுனான்.

“பாத்தீங்களா. நான் இத எழுதணும். வாடக வீடு, ஆலை வேல, இங்கிலீஷ் மீடியம். எழுதினா இன்னா ஆவும்னு உங்களுக்கே தெரியும்.” பேனாவ மூடுனாரு. நெஜமாவே அவருக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சி. எழுந்து வெளிய வந்தாரு. ஜீப்பாண்ட போவ சொல்ல, வேலி மேல கண்ணு போச்சி.

“இது இன்னா?”

தங்கதுரை ஒரே தாவா முன்னால வந்தான்.

“எங்க பாரம்பரிய உடுப்பு சார்!”

ஆபீசரு அத கையில எடுத்தாரு. எலைய திருப்பிப் பாத்தாரு. எலாஸ்டிக்க ஒரு வாட்டி இழுத்து வுட்டாரு. அவருக்குத் தெரியாமயா இருக்கும்? அவரு வூட்டுப் புள்ளைங்களும் ஆண்டு விழாவுல ஆடியிருக்காதா? ரங்கம்மா கண்ண மூடிக்கினா. கேசு போடுவாரா, கத்துவாரா?

“பிளாஸ்டிக்கு போட்டோவுல தெரியாது” அப்டின்னாரு ஆபீசரு.

ரங்கம்மா கண்ண தொறந்தா.

“புள்ளைக்கு மாட்டி வுடுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கறேன். பைல்ல ஒரு பக்கம் வெச்சிட்டா மேல ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. உங்க பொண்ணுக்கு நாளைக்கே சான்று. எனக்கும் திரும்பத் திரும்ப அலையற வேல மிச்சம். இத கெட்ட எண்ணத்துல சொல்லல. எனக்கும் பொண்ணு இருக்கு.”

தங்கதுரை அக்காவ பாத்தான், ‘நான் சொன்னேன்ல’ன்ற மாதிரி. பூமாலை அப்டியே சுவத்துல சாஞ்சிட்டா. கத்துவான்னு ரங்கம்மா எதிர்பாத்தா. கத்தல. ஜெராக்ஸ் கட்ட நெஞ்சோட அணைச்சிக்கினு, சத்தமில்லாம கண்ணுல தண்ணி வுட்டா. அந்தக் கட்டுல மேல இருந்தது அவளோட மார்க் சீட்டு.

சின்னதுரை அக்காவ பாத்தான். அம்மாவ பாத்தான். அப்பறம் தானா வந்து ரங்கம்மா முன்னால நின்னான். டைய தலை வழியா அவனே கழட்டுனான்.

“மா, போட்டு வுடு. நான் ஒண்ணும் ஒதைக்க மாட்டேன்.”

ரெண்டு கையையும் மேல தூக்கிக்கினு நின்னான்.

ரங்கம்மா போட்டு வுட்டா. ஆமாங்க, அவ கையாலதான். எலாஸ்டிக் வுழுந்த கோட்டு மேலயே திரும்ப எலாஸ்டிக்.

“ஷூவ கழட்டச் சொல்லுங்க” அப்டின்னாரு ஆபீசரு. “சாக்சையும். அங்க வேணாம், சுவத்துல பெயிண்டு தெரியுது. அந்த வேப்ப மரத்தாண்ட நிக்கட்டும். கன்னத்துல இன்னா செவப்பா? பரவால்ல, தெரியாது. தம்பி, நேரா பாரு. கைய கட்டாத. சிரிக்காத.”

அவன் சிரிக்கவேயில்ல.

எதிர் வூட்ல ரெண்டு பேரு வந்து நின்னுட்டாங்க. உபகாரமேரி கதவ பாதி சாத்திக்கினு பாத்தா. ரங்கம்மா தரைய பாத்துக்கினு நின்னா. கிளிக்னு சத்தம் கேட்டுச்சி. இன்னொரு வாட்டி கிளிக்.

“இத யாருக்குக் காட்டுவீங்க?” சின்னதுரை கேட்டான்.

“ஆபீஸ்ல காட்டுவேன்டா.”

“எங்க மிஸ்ஸுக்குக் காட்டுவீங்களா?”

“இல்ல இல்ல.” ஆபீசரு போனுல படத்த பெருசாக்கிப் பாத்தாரு. “நல்லா வந்திருக்கு. பைலு இருக்கற வரைக்கும் இதுவும் இருக்கும், தொலையாது. நாளைக்கு இவனே வளந்து வேலைக்குப் போவ சொல்ல, இவனுக்கும் இதான் ஆதாரம்.”

நல்லதுக்குத்தான் சொன்னாரு பாவம். அந்த ஒரு வார்த்த மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்.

பூமாலை சுவத்த வுட்டு வந்தா. கண்ணத் தொடைக்கல. நேரா ஆபீசரு முன்னால வந்து நின்னா.

“சார், அத அழிச்சிடுங்க.”

“இன்னாம்மா?”

“போட்டோவ அழிச்சிடுங்க. எங்க அம்மா சொன்னது அத்தனையும் நெஜம். அத எழுதுங்க. நம்புனா நம்பட்டும்.”

“பூமாலை!” தங்கதுரை அவ கைய புடிச்சி இழுத்தான். “புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? வெள்ளிக்கெழம கடைசி நாளுடி!”

“எனக்குத் தெரியும் மாமா. நாள எண்ணிக்கினு இருக்கறது நான்தான்.”

ஆபீசரு கண்ணாடிய கழட்டித் தொடைச்சாரு. “யோசிச்சிப் பேசும்மா. இத அழிச்சா நான் பாத்தத மட்டுந்தான் எழுதுவேன். டை, ஷூ, ஆலை. அதோட இந்த பைலு மூடிக்கும். நீ மைனர் பொண்ணு. உன் பேச்ச நான் கேக்க முடியாது. மனு போட்டது உங்க அம்மா.” போன ரங்கம்மா பக்கம் நீட்டுனாரு. “நீங்க சொல்லுங்க. வெச்சிக்கட்டுமா, அழிக்கட்டுமா?”

போனுக்குள்ள சின்னதுரை நிக்கறான். நெஜ சின்னதுரை பக்கத்துல வெறுங்காலோட, இடுப்ப சொறிஞ்சிக்கினு, எப்ப கழட்டுவாங்கன்னு நிக்கறான். பூமாலை அம்மா மூஞ்சியவே பாக்கறா, ‘அழிங்க’ன்னு சொல்லு, ‘அழிங்க’ன்னு சொல்லுன்னு கண்ணாலயே கெஞ்சிக்கினு. அவளோட வெரலுங்க நீளமா, ஒரு காயம்கூட இல்லாம, அந்த மார்க் சீட்டு மேல இருக்கு. ரங்கம்மா பாக்கறது அந்த வெரலுங்களத்தான்.

“ஜீப்பு ஆன்ல இருக்கும்மா” அப்டின்னாரு ஆபீசரு.

ரங்கம்மா கைய நீட்டி அந்த போன வாங்கிட்டா. அழிக்கிற பட்டன் எதுன்னு அவளுக்கு நல்லாவே தெரியும், பூமாலைதான் கத்துக் குடுத்தா. இப்ப சொல்லுங்க, அந்த எடத்துல நீங்க நின்னா, பொண்ணு கேக்கறத செய்வீங்களா, இல்ல பொண்ணோட வெரலுங்கள காப்பாத்துவீங்களா?